பணம் மகனுடையது, பத்திரம் யாருடையது?



ஜும்ஆ முடிந்து நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருபவர்களின் மஞ்சள் பையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: ஆஸ்பத்திரிச் சீட்டு அல்லது பத்திர நகல். ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருபவர்களுக்கு நம்மால் ஏதாவது செய்ய முடிகிறது. பத்திர நகலோடு வருபவர்களிடம் பல நேரம் துஆச் செய்கிறோம் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் பத்து வருடம் தாமதமாக வருகிறார்கள். ஆகவே இந்த மாதப் பாடத்தை, இன்னும் தாமதமாகிவிடாத குடும்பங்களுக்காக எழுதுகிறோம். மகனோ கணவனோ வெளிநாட்டில் இருந்து, இங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டலாம் என்று பேச்சு நடக்கும் வீடுகள் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நம் பாட்டன்மார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போனார்கள். இன்றைய பிள்ளைகள் துபாய், ரியாத், தோஹா, சிங்கப்பூர் என்று போகிறார்கள். 2015-ல் எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, நம் மாநிலத்திலிருந்து சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் யாரைக் கேட்டாலும் முதல் கனவு வீடுதான். அதில் தவறு இல்லை. காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் கோரிப்பாளையத்திலும் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த வீடுகளை நமக்குத் தெரியும். ஒத்தக்கடைப் பக்கமோ நாகமலைப் பக்கமோ ஐந்து சென்ட் வாங்கி, அத்தாவையும் அம்மாவையும் காற்றோட்டமாக வைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது நல்ல நிய்யத். அந்த நல்ல நிய்யத்தோடு செய்யும் காரியம் எந்த இடத்தில் கெடுகிறது என்பதுதான் இன்றைய பாடம்.

பெயர் இல்லாமல் ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். இதைப் போல ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கும். அத்தா, அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மூத்தவன் சவூதியில் இருக்கிறான். புரோக்கர் நல்ல இடம் காட்டுகிறார். இரண்டு நாளில் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கைமாறிவிடும் என்கிறார். மகனுக்கு லீவு இல்லை. “அத்தா பெயரில் பதிந்துவிடுங்கள், வந்து மாற்றிக்கொள்ளலாம்” என்று போனில் சொல்கிறான். பதிவாகிறது. மகன் வருகிறான், போகிறான். மாற்றிக்கொள்வது பற்றிப் பேச அவனுக்குக் கூச்சம். அத்தாவிடம் போய், ‘அந்தச் சொத்தை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று எப்படிக் கேட்பது? அத்தாவுக்கும் அது தோன்றவில்லை. இப்படியே வருடங்கள் போகின்றன. ஒரு நாள் அத்தா வஃபாத் ஆகிறார்.

இனி கணக்கைப் பார்ப்போம். மனையின் மதிப்பு 48 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் அத்தா பெயர் இருப்பதால் அது அத்தாவின் சொத்து. அத்தாவின் சொத்து என்றால் ஃபராயிள் கணக்குப்படி பங்காகும். மனைவியான அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். மீதி 42 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம். முழுப் பணத்தையும் அனுப்பிய மூத்தவனுக்குக் கிடைப்பது 14 லட்சம். இங்கே தம்பியையோ தங்கைகளையோ திட்ட வேண்டாம். பங்கு கேட்பவர் பேராசைக்காரர் என்று நம் வீடுகளில் சொல்லும் பழக்கம் கெட்ட பழக்கம். அத்தாவின் சொத்தில் மகளுக்குள்ள பங்கு அல்லாஹ் நிர்ணயித்தது. சூரத்துன் நிஸாவில் அந்தப் பங்குகள் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தங்கைகள் பார்ப்பது பத்திரத்தை. அதில் அத்தாவின் பெயர் இருக்கிறது. அவர்கள் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பாடமே. அத்தா உயிரோடு இருக்கும்போதே வெளிநாட்டில் அந்த மகன் மவ்த் ஆகிவிட்டால்? விபத்தோ மாரடைப்போ, வயது பார்த்து வருவதில்லை. மகனுக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனை அத்தா பெயரில். நாளை அத்தா இறக்கும்போது அவருக்கு இன்னொரு மகன் உயிரோடு இருக்கிறார். மகன் இருக்கும் இடத்தில் முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. மருமகள் எப்போதுமே மாமனாருக்கு வாரிசு இல்லை. ஆக, யாருடைய வியர்வையில் அந்த மனை வந்ததோ அவருடைய விதவைக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு சதுர அடி கூட இல்லை. சித்தப்பா பார்த்துக் கொடுத்தால் உண்டு. எத்தனையோ சித்தப்பாக்கள் கொடுத்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள்.

எகிப்து 1946-ல் வஸிய்யத் சட்டம் கொண்டுவந்து, இப்படித் தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் கட்டாயமாக ஒரு பகுதி போகும்படி செய்தது. பாகிஸ்தானிலும் 1961 குடும்பச் சட்ட ஆணையில் பேரப்பிள்ளைகளுக்கு வழி வைத்தார்கள். அது சரியா என்று ஆலிம்களிடையே இன்றும் பேச்சு உண்டு. இந்தியாவில் நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே வழி தாத்தாவின் கையில் மட்டும்தான் இருக்கிறது: உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக எழுதிக் கொடுக்கலாம், அல்லது தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் எழுதலாம். பங்கு கிடைக்காத பேரப்பிள்ளைகள் வாரிசுகள் அல்ல என்பதால் அவர்களுக்கு வஸிய்யத் செல்லும்.

இப்போது அதே மனை மகனின் சொந்தப் பெயரில் இருந்து, அதே மகன் மவ்த் ஆனார் என்று கணக்குப் போடுங்கள். அத்தாவுக்கு ஆறில் ஒன்று, 8 லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 8 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். மீதி 26 லட்சத்தில் மகனுக்கு 13, மகள்களுக்கு ஆளுக்கு ஆறரை. யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ‘என் பெயரில் வாங்கினால் பெற்றவர்களை ஒதுக்கியதாகிவிடுமோ’ என்று தயங்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தங்கள் அத்தா அம்மாவிடமே காட்டலாம். மகன் பெயரில் இருந்தால் பெற்றோருக்கு 16 லட்சம் வருகிறது. அத்தா பெயரில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் வருவதில்லை.

“நான்தானே பணம் அனுப்பினேன், கோர்ட்டில் சொல்ல மாட்டேனா?” என்று கேட்பார்கள். 1988-ம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016-ல் கடுமையாகத் திருத்தப்பட்டது. கணக்கில் வந்த பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் அது பினாமி ஆகாது. தகப்பன், தாய், சகோதரன், சகோதரி பெயரில் வாங்குவதென்றால், பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். அத்தா பெயர் மட்டும் இருக்கும் சொத்தை ‘உண்மையில் என்னுடையது’ என்று பிறகு வழக்குப் போட்டு மீட்க அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு தடை போடுகிறது. தப்பிக்கும் வழிகள் மிகக் குறுகலானவை. பணம் உண்டியலில் வந்திருந்தால் அதுவும் போச்சு. யார் கொடுத்தது என்பதற்கே தடயம் இருக்காது.

மார்க்கப்படி பார்த்தாலும் கேள்வி இதுதான்: என்ன நிய்யத்தில் அனுப்பினீர்கள்? அத்தாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் அது அத்தாவுடையது. ‘எனக்காக வாங்குங்கள்’ என்று வகாலத்தாகக் கொடுத்திருந்தால் அத்தாவின் கையில் அது அமானிதம். அத்தா மவ்த் ஆன பிறகு இந்த இரண்டில் எது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது, சூரத்துல் பகராவின் 282-வது வசனம். சாட்சியோடு எழுதுங்கள், சிறிய தொகை என்று சோம்பல் படாதீர்கள் என்ற கட்டளை ஈமான் கொண்டவர்களைப் பார்த்துத்தான் வந்தது. ஆகவே அத்தாவிடம் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் மகனும், கேட்டால் கோபப்படும் அத்தாவும் அந்த வசனத்தின் விளக்கத்தை ஒருமுறை ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து கேட்பது நல்லது.

லீவு இல்லாமல் சொந்தப் பெயரில் வாங்குவது

இது முடியாத காரியம் அல்ல. வாங்குபவர் நேரில் வராவிட்டாலும் அவருக்காகப் பதிவுக்கு நிற்க ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம். துபாயிலும் ஜித்தாவிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ரியாத், அபுதாபி, தோஹா, குவைத், மஸ்கட், மனாமாவில் தூதரகம். பவர் பத்திரத்தை அங்கே அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தேதி தாண்டிய பவரோடு வந்து நிற்பவர்கள் அதிகம் என்பதால் இந்த மூன்று மாதத்தை அழுத்திச் சொல்கிறோம்.

பவர் எழுதும்போது டைப் செய்பவரிடம் இருக்கும் பழைய மாதிரியை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அந்த மாதிரிகளில் விற்க, அடமானம் வைக்க, வழக்கு நடத்த என்று எல்லா அதிகாரமும் இருக்கும். உங்களுக்குத் தேவை, இன்ன கிராமத்தில் இன்ன சர்வே எண்ணில் இத்தனை சென்ட் மனையை என் பெயரில் வாங்கிப் பதிவு செய்ய மட்டும் என்ற அளவுக்கான சிறப்பு அதிகாரம். அத்தாவுக்கே கொடுத்தாலும், மனைவிக்கே கொடுத்தாலும் இப்படியே கொடுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவர் அதோடு முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று, விற்பவர் ‘கிரையம் வேண்டாம், பவர் எழுதித் தருகிறேன், செலவு மிச்சம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் நிலத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

பணத்தை உங்கள் என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து விற்பவரின் கணக்குக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் வேலையில் இருப்பவர் இங்கே சொத்து வாங்கும் பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. பதிவுச் செலவு இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தால் உங்களுக்கு நஷ்டம்தான். பிறகு விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரி கட்டுவது நீங்கள்தான்.

மனைவி பெயரில் வாங்குவது பற்றியும் கேட்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று அரசு அறிவித்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. மனைவிக்குக் கொடுப்பது நல்லதுதான். நிலுவையில் உள்ள மஹருக்கு ஈடாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் கொடுத்தால் கொடுத்தது. 1 சதவீதத்துக்காக மனைவி பெயரில் பதிந்துவிட்டு மனதுக்குள் ‘என்னுடையது’ என்று வைத்துக்கொண்டிருப்பது ஒரு நாள் வெடிக்கும். மனைவி முந்தி மவ்த் ஆனால் பிள்ளைகள் இருக்கும் நிலையில் கணவருக்கு நாலில் ஒன்றுதான். மனைவியின் அத்தாவும் அம்மாவும் இருந்தால் அவர்களுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. இருவரும் சேர்ந்து வாழப்போகும் வீடு என்றால் இருவர் பெயரிலும், யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி வாங்குவது எங்களுக்குப் பிடித்த வழி.

அத்தாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது

புது மனையைவிட இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். டவுனுக்குள் ஒன்றரை சென்ட்டில் அத்தா பெயரில் பழைய வீடு. மகன் பணம் அனுப்பி இடித்து இரண்டு மாடி கட்டுகிறான். கீழே அத்தா அம்மா, மேலே தன் குடும்பம். நிலம் அத்தாவுடையது, அதன் மேல் எழுந்த கட்டடமும் பிறகு பங்கு பேசும்போது அத்தாவின் சொத்தாகவே பார்க்கப்படும். செங்கலுக்கும் கம்பிக்கும் பில் வைத்திருந்தேன் என்பது பேச்சுவார்த்தையில் உதவலாம், உரிமையாகாது.

இதற்குச் சிலர் செய்யும் ஏற்பாடு, அத்தா இருக்கும்போதே தங்கைகளிடம் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது. அது செல்லாது. அத்தா உயிரோடு இருக்கும்வரை மகளுக்கு அந்தச் சொத்தில் பங்கே பிறக்கவில்லை. பிறக்காத பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விடுதலைப் பத்திரம் எழுதுவதென்றால் அத்தாவுக்குப் பிறகு, யாரும் வற்புறுத்தாமல், எழுத வேண்டும்.

சரியான வழி, கட்டுவதற்கு முன்பே அத்தா அந்த இடத்தை அல்லது அதில் ஒரு பகுதியை மகனுக்குக் கிரையமாகவோ ஹிபாவாகவோ கொடுத்துவிடுவது. ஹிபாவுக்கு மூன்று வேண்டும்: கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, ஏற்றுக்கொள்கிறேன் என்ற ஒப்புதல், கைவசம் ஒப்படைத்தல். முஸ்லிம்களின் ஹிபா பதியப்படாவிட்டாலும் செல்லும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் பட்டா மாற்றவும் வரைபட அனுமதி வாங்கவும் பதிந்த பத்திரம் கேட்பார்கள். குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்டுக்குத் தீர்வை குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. பதிந்துவிடுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் மகன் பெயருக்கு மாறினால்தான் ஒப்படைத்ததற்குச் சாட்சி இருக்கும்.

ஒரு மகனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகள்? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பு கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டு, நபியவர்கள் அதற்குச் சாட்சியாக மறுத்த ஹதீஸ் நமக்குத் தெரியும். ஆகவே மகன் இடத்தின் விலையை அத்தாவுக்குக் கொடுத்துக் கிரையமாக வாங்கிக்கொள்வதே சுத்தமான வழி. அத்தா அந்தப் பணத்தில் மகள்களுக்கும் கொடுக்கலாம், ஹஜ்ஜுக்கும் போகலாம்.

மனையைப் பார்க்கும்போது

வெளிநாட்டுப் பிள்ளைகளைக் குறிவைத்து மதுரையைச் சுற்றி இப்போது ‘பண்ணை மனை’ விற்கிறார்கள். மேலூர் ரோடு, அழகர்கோவில் ரோடு, திருமங்கலம் பக்கம் எல்லாம் போர்டு இருக்கிறது. பத்து, இருபது சென்ட்டாகப் புஞ்சையைப் பிரித்து, கம்பி வேலி போட்டு, நாலு கொய்யாக் கன்று நட்டிருப்பார்கள். பத்திரத்தில் அது விவசாய நிலம். வெளிநாட்டு இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அன்பளிப்பாகவும் பெற முடியாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். உடனே புரோக்கர் சொல்லும் பதில், ‘அத்தா பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்.’ பாடத்தின் முதல் பாதிக்கே திரும்பி வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

வீட்டு மனை என்றால் டி.டி.சி.பி. அல்லது உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் அங்கீகார எண் வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பது அந்த அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்ட பிறகு, 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் பதிவான பழைய மனைகளை வரைமுறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குபவர்கள் அந்த வரைமுறை உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். பட்டா, ‘அ’ பதிவேடு, எஃப்.எம்.பி. வரைபடம் மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கொண்டுவரும் வக்கீலிடம் அல்ல. வக்ஃபு, கோயில், பூமிதான நிலங்களைப் பதியப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. வக்ஃபு இடத்தைத் தெரிந்தே வாங்குபவர் அல்லாஹ்வுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. மதுரை கண்மாய்களின் ஊர். பீபிகுளம், கரிசல்குளம், ஊமச்சிகுளம், உலகனேரி, கடச்சனேந்தல், செக்கானூரணி என்று நம் இடங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: குளம், ஏரி, ஏந்தல், ஊரணி. தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, செல்லூரிலும் மீனாம்பாள்புரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நேரில் பார்த்தோம். ஆகவே மனையைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் அத்தாவோ தம்பியோ ஒருமுறை போய்ப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்பட்டும். பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள்; அவருக்கு விற்பனையில் கமிஷன் இல்லை. வரைபடத்தில் வாய்க்கால், ஓடை என்று கோடு இருந்தால் தரையில் அது தெரியாவிட்டாலும் அந்த மனை வேண்டாம். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அங்கே மண் பரிசோதனை செய்து அஸ்திவாரத்தைப் பொறியாளர் சொல்லும்படி போடாவிட்டால் இரண்டாவது வருடமே சுவர் கோடு விடும். மனை மலிவு என்று வாங்குபவர்கள் அஸ்திவாரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. ‘அனுமதி வாங்க லட்சம் ஆகும்’ என்பவரை நம்ப வேண்டாம். கான்ட்ராக்டரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சாக விடாமல், எந்த சிமென்ட், எந்தக் கம்பி, எத்தனை பிளக் பாயின்ட் வரை எழுதுங்கள். பணம் மாதா மாதம் போகக் கூடாது, வேலைக்குத் தகுந்து போக வேண்டும்: அஸ்திவாரம், பேஸ்மென்ட், லின்டல், காங்கிரீட், பூச்சு என்று நிலை நிலையாக. வீடியோ காலில் எல்லாச் சுவரும் நேராகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிலையிலும் கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல, அவருக்குக் கட்டணம் ஒதுக்கிவிடுங்கள்.

வட்டிக் கடன் வாங்கிப் பெரிதாகக் கட்டுவதைவிட, கையில் உள்ள பணத்துக்குத் தரைத்தளத்தை மட்டும் முடித்துக் குடிபோவது நல்லது. ஐந்து படுக்கையறை கட்டிவிட்டு, அதன் கடனை அடைக்க இன்னும் எட்டு வருடம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்த வீட்டில் அத்தாவும் அம்மாவும் ஒரு அறையில் இருக்கிறார்கள். மற்ற நாலு அறைகளையும் வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்குவதற்கே அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே அத்தா பெயரில் வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அத்தா நல்ல சுகத்தோடு இருக்கும்போதே பேசுங்கள். மகன் பேசுவதைவிட அத்தாவே தொடங்கினால் நல்லது. இதைப் படிக்கும் பெரியவர்களிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் அது. எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, இந்த மனை இன்னாரின் பணத்தில் வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அதை எழுதிக் கையெழுத்திட்டு, அதன் பிறகு தான செட்டில்மென்ட் எழுதுங்கள். உண்மையில் அவன் பணத்தில் வந்ததை அவனுக்கே திருப்பித் தருவது ஒரு பிள்ளையை மட்டும் உயர்த்தியதாகாது. அத்தா மரணப் படுக்கையில் இருக்கும்போது எழுதும் ஹிபாவுக்கு வஸிய்யத்தின் கட்டுப்பாடுகள் வந்துவிடும்; வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்துக் கைரேகை வாங்கும் வேலை வேண்டாம்.

பங்குக் கணக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறும். மேலே போட்டது அந்தக் குடும்பத்துக்கான கணக்கு மட்டுமே. உங்கள் வீட்டுக் கணக்கை அறிய விரும்புபவர்கள் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். கணக்குப் போட்டுத் தர ஆலிம் ஒருவரும், பத்திரம் பார்க்க வக்கீல் ஒருவரும் இருக்கும்படி ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். வரும்போது மூலப் பத்திரத்தைக் கொண்டு வர வேண்டாம், நகல் போதும்.